பிளக்கின் நாக்கு

1826-இல் பிரெஞ்சு ஆட்சியில் அமைந்த புதுச்சேரித் தாவரவியல் பூங்கா, புல்வெட்டும் எந்திரத்துக்கு நான்கு ஆண்டு மூத்தது. 1830-இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் அவ்வெந்திரத்தை உருவாக்கியபோது, கம்பளித் துணியின் மேல்மயிரைச் சீவும் ஆலைப்பொறியையே முன்மாதிரியாகக் கொண்டார். ஆள் தள்ளிய அந்தப் பொறி பின்னாளில் பெற்ற எஞ்சின்களுள் அமைப்பில் மிக எளியது டூ ஸ்ட்ரோக். பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் சுழற்சி முழுவதையும் முடித்துவிடும் இதில், சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது; உயவுக்கெனத் தனி எண்ணெய்த் தொட்டி இல்லாமல், பெட்ரோலில் கலந்த டூ டி ஆயிலே உள்ளுறுப்புகளைத் தேயாமல் காக்கிறது.

இத்தனை எளிய எஞ்சின் முரண்டு பிடிக்கும்போது அதன் குறையை அறியும் முறை, சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுக்கு வியக்கத்தக்க அளவு நெருங்கி நிற்கிறது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எட்டனுள் நாவுக்குத் தனி இடமுண்டு. கறுத்து வெடித்த நா வாதத்தையும், மஞ்சளோ சிவப்போ ஏறிய நா பித்தத்தையும், வெண்மை படிந்த நா கபத்தையும் காட்டும் என்பது மரபு. மெக்கானிக் கழற்றிப் பார்க்கும் ஸ்பார்க் பிளக்கின் முனையும் அவ்வாறே பேசுகிறது: ஈரமாகக் கறுத்திருந்தால் எரிபொருளோ ஆயிலோ மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுந்து எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகிறது, காப்பிப்பொடி நிறமாயின் எரிதல் சீராக உள்ளது. கயிற்றை இழுக்கும்போது கை உணரும் எதிர்ப்பு அழுத்தத்தைச் சொல்லும் பரிசம். ஆக்சிலேட்டரை விட்ட பின்னும் தணியாமல் இரைவது, கிராங்க் அறையின் சீல் வழியே காற்று கசிவதைச் சொல்லும் மொழி. சைலன்சர் வாயில் அடைத்த கரியோ மலத்தேர்வு. இவற்றுள் எதையும் பாராமல் கார்புரேட்டர் திருகைத் திருப்பத் தொடங்குவது, நாடி பிடிக்காமலே மருந்து அரைப்பதாகும்.

கடலோர ஊரில் இன்னொரு குறையும் சேர்கிறது. இன்று பங்க்குகளில் விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை கலந்துள்ள எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்ப்பது. அந்த ஈரம் மிகுந்தால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்க, ஆயில் மேலுள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். அடியிலிருந்து உறிஞ்சும் எஞ்சினுக்கு அப்போது உயவற்ற திரவமே கிடைப்பதால், மாதக்கணக்கில் கிடந்த எந்திரத்தை இயக்கும் முன் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, லிட்டருக்கு 20 மில்லி வீதமோ தயாரிப்பாளர் குறித்த அளவிலோ ஆயில் கலந்த புதியதை நிரப்ப வேண்டும்.