டிரம்ப் போட்ட வரி... பூதலூர் டீக்கடையில!

திருச்சியிலேர்ந்து தஞ்சாவூர் போற பாசஞ்சர்ல ஏறினா, பூதலூர்ல ஒரு தடவை இறங்கிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல். ஊரை ஒட்டி கல்லணைக் கால்வாய். 1934-ல வெட்டி முடிச்ச அதுக்கு இன்னிக்கும் பேரு 'புது ஆறு'தான்! கல்லணையும் இதே தாலுகாதான்.

2025 செப்டம்பர்ல நான் போனப்போ குறுவை அறுவடை நேரம். டீக்கடையில நெல்லு பேச்சுதான் ஓடும்னு உட்கார்ந்தா, பேச்சு அமெரிக்காவுல இருந்துச்சு. இந்தியச் சரக்குக்கு ஆகஸ்ட் 7-ல 25 சதவிகித வரி. ரஷ்ய எண்ணெய் வாங்குறோம்னு ஆகஸ்ட் 27-ல இன்னொரு 25. ஆக மொத்தம் 50!

"அவன் வரி போட்டா நமக்கென்னண்ணே? நம்ம நெல்லு கொள்முதல் நிலையத்துக்குத்தானே போவுது?" என்றார் ஓர் இளைஞர். நியாயம்தான். அந்த சீஸனுக்கு சன்ன ரகம் குவின்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகம் 2,500-னு தமிழக அரசு அறிவிச்சாச்சு. இங்கே பயமெல்லாம் ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டிடக் கூடாதேன்னுதான்.

ஓரமா உட்கார்ந்திருந்த பெரியவர் வாயைத் திறந்தார். "எம் மவ திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் பாக்குறா தம்பி. இப்ப ஓ.டி-யே கெடயாதாம். நெல்லு காசு கடனுக்குப் போயிரும். அவ அனுப்புறதுலதான் அடுப்பு எரியுது."

கடையில கொஞ்ச நேரம் யாரும் பேசலை.

இந்த வரியைத் துறைமுகத்துல கட்டுறது சரக்கை இறக்குற அமெரிக்கக் கம்பெனி. கட்டிட்டு சும்மா இருக்குமா? "விலையைக் குறை"ன்னு திருப்பூரைக் கேட்கும். இல்லேன்னா 20 சதவிகித வரி இருந்த வங்கதேசம், வியட்நாம் பக்கம் போயிடும். தமிழ்நாட்டுச் சரக்கு ஏற்றுமதியில 31 சதவிகிதம் அமெரிக்காவுக்குன்னு முதல்வரா இருந்த ஸ்டாலின் பிரதமருக்கு எழுதினது சும்மா இல்லை.

மில்லுகளுக்குக் கைகொடுக்க, பருத்தி இறக்குமதிக்கான 11 சதவிகித வரியை 2025 டிசம்பர் வரைக்கும் மத்திய அரசு விலக்கிச்சு. "சரிங்க, டெல்டாவுல கோடையில பருத்தி போடுறவன் என்னா பண்ணுவான்?" - இது பெஞ்சிலேர்ந்து வந்த அடுத்த கேள்வி!

எல்லாரும் அமெரிக்காவைத் திட்டி முடிச்சதும் டீ மாஸ்டர் ஒண்ணு சொன்னார். "நாமளும் போட்டோம்ல?" ஆமாம்! உள்ளூர்ல அரிசி விலை ஏறாம இருக்க, 2023 ஜூலையில பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டுச்சு. ஆகஸ்ட்ல புழுங்கலுக்கு 20 சதவிகித ஏற்றுமதி வரி. அமெரிக்காவுல இந்தியக் கடைகள்ல கூட்டம் அடிச்சுப் பிடிச்சு மூட்டை தூக்கினதை டி.வி-யில பார்த்து நாம சிரிச்சோம். அரிசிக்கு இந்தியாவையே நம்பின ஏழை நாடுகளை யாரு நினைச்சோம்? 2024 அக்டோபருக்குள்ள தடையும் வரியும் போயிடுச்சு. நமக்கும் மறந்துடுச்சு.

எந்த நாடு போட்டாலும் வரி பேப்பர்ல பெரிய ஆளுங்க மேலதான் இருக்கு. விழறது என்னவோ வரிசையில கடைசியா நிக்கிறவங்க மேல. அடுத்த தடவை சதவிகிதத்தை நியூஸ்ல பார்த்தா, 'அங்க கடைசியில நிக்கிறது யாரு?'ன்னு ஒரு நிமிஷம் யோசிங்க ஃப்ரெண்ட்ஸ்.

2026 பிப்ரவரியில, வரியை 18 சதவிகிதமாக் குறைக்கிறோம்னு அறிவிப்பு வந்ததும் அந்தப் பெரியவருக்கு போன் போட்டேன். "சந்தோசம் தம்பி. அஞ்சாறு மாசமா கொறைஞ்ச சம்பளத்துக்கு வாங்கின கடன் இருக்கே... அதையும் கொறைப்பாங்களா?"