கூரையில் ஏறுமுன்

கிறிஸ்துமஸ் வருகிறதென்றால் வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும். எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் இது எழுதாத சட்டம். வசதியுள்ளவர்கள் பெயிண்ட் அடிப்பார்கள், மற்றவர்கள் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஆனால் அதற்கு முன்னே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கூரையிலும் சுவரிலும் படிந்திருக்கும் பாசியைப் போக்க வேண்டும். தமிழ்நாட்டின் மற்ற மாவட்டத் தோழியருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இராது. கன்னியாகுமரி மாவட்டத்துக்கோ ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆண்டில் பாதி நாள் நனைந்து கொண்டிருக்கும் ஓட்டில் பாசி பிடிக்காமல் வேறு என்ன பிடிக்கும்?

எங்கள் வீடு தாத்தா கட்டிய ஓட்டு வீடு. சீமை ஓடு என்று ஆச்சி சொல்லும் மங்களூர் ஓடு. ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்புறத்தில் தொழிற்சாலையின் பெயர் ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கும். சீமை என்ற பெயருக்கும் காரணம் இருக்கிறது. ஒன்றோடொன்று கொக்கி போல் பொருந்தும் இவ்வகை ஓட்டைப் பிரான்சு நாட்டின் அல்சாசில் கிலார்டோனி சகோதரர்கள் 1841இல் உருவாக்கினார்கள். பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் 1865இல் மங்களூரில் தொழிற்சாலை தொடங்கினார். அங்கிருந்துதான் நம் மேற்குக் கடற்கரை முழுவதும் சிவப்புக் கூரையாயிற்று. இந்த ஓடு வெறும் சுட்ட களிமண்தான். மேலே வழவழப்பாக ஒரு மெல்லிய கெட்டித் தோல் இருக்கும், உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்திருக்கும். அந்தத் தோல் உள்ளவரைக்கும் ஓடு நீரைக் குறைவாகக் குடிக்கும். அது உரிந்து போனால் முன்னைவிட வேகமாகப் பாசி பிடிக்கும். இதை இங்கேயே சொல்லி வைக்கிறோம், பின்னால் தேவைப்படும்.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் அப்பா இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2024 கிறிஸ்துமசுக்கு வருவதாக எழுதியிருந்தார். அதனால் அம்மாவுக்கு அந்த ஆண்டு எல்லாவற்றிலும் அவசரம். நவம்பர் கடைசியில் மழை சற்று விட்டதும் ஆள் தேடத் தொடங்கினோம்.

முதலில் வந்தவர் ஓர் இளைஞர். தண்ணீரை அழுத்தத்தோடு பீய்ச்சும் இயந்திரத்தைச் சிறிய வண்டியில் கொண்டு வந்திருந்தார். “ஒரே நாள் வேலை அக்கா, சாயங்காலம் பாருங்க, கூரை புதுசா இருக்கும்” என்றார். முற்றத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு முழ நீளத்துக்கு அடித்தும் காட்டினார். கறுப்பு போய் வெண்மை தெரிந்தது. தம்பி கைதட்டினான். எங்களுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஆச்சி கழற்றி வைத்திருந்த பழைய ஓடு ஒன்றை எடுத்து வந்து, “இதில் அடியுங்கோ பார்க்கலாம்” என்றார். அடித்தார். பாசி போயிற்று, கூடவே சிவப்புத் தண்ணீரும் ஓடிற்று. ஓட்டைக் கையால் தடவினால் மாவு போல ஒட்டியது. தோல் உரிந்துவிட்டது!

கார் சக்கரத்தில் அடைத்திருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 2 பார். வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் இவ்வகை இயந்திரங்களே 100 பாருக்கு மேல் அடிக்கும். தரைக்கும் கருங்கல்லுக்கும் அது பொருந்தலாம், பழைய ஓட்டுக்கும் சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவருக்கும் பொருந்தாது. இன்னொன்றும் உண்டு. ஓடுகள் மேலிருந்து கீழாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருப்பது மேலிருந்து விழும் மழைக்காக. ஏணியில் நின்று கீழிருந்து மேல் நோக்கிப் பீய்ச்சினால் நீர் அந்த அடுக்கின் இடையில் புகுந்து பட்டியலையும் கைமரத்தையும் நனைத்துவிடும். உள்ளே மரம் உளுத்துப் போவது வெளியே தெரியாது. அதோடு அந்தக் குழாய் பின்னோக்கி உதைக்கும். ஈர ஓட்டில் நின்று கொண்டு அந்த உதையைத் தாங்குவது எப்படி?

இரண்டாவது ஆள் சொன்ன வழி மருந்து. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளித்து, பிறகு கழிவறை கழுவும் அமிலத்தைக் கொஞ்சம் விட்டால் எந்தப் பாசியும் நிற்காதாம். இதைக் கேட்டதும் எங்களுக்கு வேதியியல் வகுப்பு நினைவுக்கு வந்தது. நீற்றுச் சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தினால் சலவைத்தூள் கிடைக்கிறது என்று எத்தனை முறை எழுதியிருக்கிறோம்! அந்தச் சலவைத்தூளோடு அமிலத்தைச் சேர்த்தால் அடைபட்ட குளோரின் மறுபடி வெளியே வந்துவிடும். 1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தில் ஈப்ர் என்ற ஊரருகே போர்வீரர்கள் மேல் ஏவிவிடப்பட்டதும் இதே வாயுதான். அம்மோனியா கலந்த துப்புரவு நீரோடு சேர்ந்தாலும் வேறொரு நச்சு வாயு கிளம்பும். எங்கள் தம்பிக்கு இழுப்பு உண்டு. ஊதுபத்திப் புகைக்கே மூச்சு வாங்கும் பிள்ளை. அந்த வழியை அம்மா அங்கேயே மறுத்துவிட்டார்.

அமிலம் வேண்டாம், தூள் மட்டும் கரைத்து அடிக்கிறேன் என்று அவர் இறங்கி வந்தார். அப்போதுதான் தாழ்வாரத்துக் குழாயைக் காட்டினோம். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் கூரையில் விழும் நீர் வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றோரக் குழிக்குப் போகிறது. கூரையில் எதைத் தெளிக்கிறோமோ அதைத்தானே நாளை குடிப்போம்? ஓரத்தில் ஆச்சியின் பிச்சிக்கொடியும் வெற்றிலைக்கொடியும் வேறு நிற்கின்றன. தண்ணீருக்காக இல்லாவிட்டாலும் வெற்றிலைக்காக ஆச்சி சம்மதித்திருக்க மாட்டார்.

கடைசியாக வந்தவர், தாத்தா காலத்திலிருந்தே எங்கள் ஓட்டை மாற்றிக் கொடுக்கும் முதியவர். அவரை நாங்கள் பாட்டா என்றுதான் கூப்பிடுவோம். தென்னை ஈர்க்கு விளக்குமாறு, தேங்காய் நார்த் தேய்ப்பான், மழுங்கிய மரக்கரண்டி, மூன்று நாள் கூலி. இவ்வளவுதான் அவர் கேட்டது. “பாசியை நனைச்சுத் தேய்க்கக் கூடாது மக்களே. ரெண்டு வெயில் காயட்டும். அதுவே பொருக்குத் தட்டி எழும்பும்” என்றார். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, மெல்லிய வேரிகளால் பற்றிக் கொண்டிருக்கிறது என்று பாடத்தில் படித்ததை அவர் கையாலேயே அறிந்து வைத்திருக்கிறார். வெள்ளை வெள்ளையாக வட்டம் போட்டிருந்த லைக்கனை மட்டும் சுரண்டாதே என்றார். அது பூஞ்சையும் பாசியும் கூடி வாழ்வது, ஓட்டை இறுகப் பிடித்திருக்கும், பெயர்த்தால் ஓட்டின் தோலும் வரும். பார்வைக்குச் சற்று அசிங்கந்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

வழி கிடைத்துவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்தபோது அம்மா ஒரு நிபந்தனை போட்டார். கயிறு கட்டாமல் கூரையில் ஏறக்கூடாது.

பாட்டாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. “நாப்பது வருஷமா ஏறுகேன். என்னை மாட்டைக் கட்டுற மாதிரிக் கட்டணுமா?” என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு அடுத்த தெருவில் ஒருவர் இருக்கிறார். ஒரு வீட்டுப் பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைக் கூட்டப் போய், தகடு ஒடிந்து உள்ளே விழுந்தவர். இடுப்பெலும்பு முறிந்து ஓராண்டு படுக்கையில் கிடந்தார். அவருடைய மூத்த மகள் கல்லூரியை நிறுத்திவிட்டு முந்திரித் தொழிற்சாலைக்குப் போகிறாள். வேலை கொடுத்தவர்கள் மருத்துவமனைக்கு ஒரு நாள் ஆரஞ்சுப்பழத்தோடு வந்து பார்த்தார்களாம், அவ்வளவுதான். பாட்டாவுக்கும் அது தெரியும். விழுந்தவர் அவர் கையில் தொழில் கற்றவர்.

அதைச் சொல்லி அவரை நோகடிக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. “பாட்டா, நீங்க விழமாட்டீங்க. ஓடு வழுக்குமே, அதுக்குத்தான்” என்றார். சற்று நேரம் வெற்றிலையை மென்று கொண்டிருந்துவிட்டு, “சரி, ஒம்ம இஷ்டம்” என்றார் பாட்டா.

கட்டட வேலைச் சாமான்களை வாடகைக்குக் கொடுக்கும் கடையில், உடம்பு முழுவதையும் பிடிக்கும் பாதுகாப்பு வார் கிடைத்தது. தோளிலும் தொடையிலும் மாட்டுவது. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. விழும்போது முழு எடையும் இடுப்பிலும் முதுகெலும்பிலும் விழுந்து அதுவே காயப்படுத்தும். கயிற்றை முகட்டுக்கு மேலாகப் போட்டு மறுபக்கத்துப் பலாமரத்தில் கட்டினோம். முகட்டு ஓட்டில் உராய்ந்து அறுந்து போகாதபடி இடையே சாக்கை மடித்து வைத்தோம். கயிற்றின் நீளத்தை, பாட்டா கூரையின் விளிம்புக்கு வரமுடியாத அளவில் நிறுத்தினோம். விழுந்தபின் பிடிப்பதைவிட விளிம்புக்கே போகாமல் இருப்பது மேலல்லவா? பக்கத்து வீட்டு அண்ணன் மூன்று நாளும் கீழே நின்றார். கூரையில் ஏறுகிறவர் தனியாக ஏறக்கூடாது.

ஏணிக்கும் கணக்கு உண்டு. உயரம் நான்கு பங்கென்றால் அடி ஒரு பங்கு தள்ளி நிற்க வேண்டும். எங்கள் தாழ்வார உயரம் 8 அடி, ஆகவே சுவரிலிருந்து 2 அடி. ஏணியின் தலை விளிம்புக்கு மேலே 3 அடி நீண்டிருந்தால்தான் இறங்கும்போது பிடித்துக் கொள்ள முடியும். இன்னொரு மூங்கில் ஏணியை ஓட்டின்மேல் படுக்க வைத்து முகட்டில் கொளுவினார் பாட்டா. அவருடைய எடை ஒரே ஓட்டில் இறங்காமல் பல ஓடுகளுக்குப் பரவியதால் மூன்று நாளில் இரண்டே ஓடுகள்தாம் உடைந்தன. கண்ணாடி ஓடு இருந்த இடத்தைச் சிவப்புத் துணியால் அடையாளம் வைத்தோம். அதில் கால் வைத்தால் நேரே அடுக்களைதான்.

மின்கம்பியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை அரைகுறையாகும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி எங்கள் கூரையின் ஒரு மூலையை ஒட்டிப் போகிறது. வீட்டுக்குள் மெயின் சுவிட்சை அணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உள்ளே போகும் மின்சாரத்தைத்தான் நிறுத்தும். வெளியிலுள்ள கம்பியில் மின்சாரம் இருந்து கொண்டேதான் இருக்கும். மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி, அந்த மூலைக்குரிய வேலை நடந்த காலையில் இணைப்பைத் துண்டிக்கச் செய்தார் அம்மா. அலுமினிய ஏணி கூடவே கூடாது. நனைந்த மூங்கிலையும் நம்பக்கூடாது.

பாட்டா மூக்கில் துண்டைக் கட்டிக் கொண்டு முகட்டிலிருந்து கீழ்நோக்கித் தள்ள, காய்ந்த பாசி முற்றத்தில் உதிர்ந்தது. தம்பியை அந்த மூன்று நாளும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். மழைநீர்க் குழாயைக் கழற்றி, அடுத்து வந்த இரண்டு மழை வெளியே போகும்வரை மாட்டவில்லை. முற்றத்தைக் கூட்டியதும் பாசியை எருக்குழியில் போட்டதும் நாங்கள்தாம். எங்களைக் கூரையில் ஏற விடவில்லை, அதில் எங்களுக்குச் சற்று வருத்தமே!

சுவர் எளிது. தரையில் நின்றபடி நீண்ட கம்பில் கட்டிய நார்த் தேய்ப்பானால் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். முன்பக்கச் சுவர் பெயிண்ட் அடித்தது. அதில் சுண்ணாம்பு ஒட்டாது, ஆகவே சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக் கொண்டோம். மற்ற மூன்று பக்கமும் இரண்டு நாள் காய்ந்தபின் சிப்பிச் சுண்ணாம்பு, கொஞ்சம் நீலம் சேர்த்து. சுண்ணாம்பு அழகுக்கு மட்டுமன்று. அதன் காரத்தன்மை மிகுதி, புதுச் சுண்ணாம்பின் மேல் பாசி எளிதில் வளராது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி அது மெல்லச் சுண்ணக்கல்லாக இறுகும். ஆனால் அதே காரம் கண்ணில் தெறித்தால் பார்வையையே கெடுக்கும். சுண்ணாம்பு அடித்த எல்லோருக்கும் கண்ணாடி கொடுத்தோம். ஒரு குடம் நல்ல தண்ணீரைப் பக்கத்திலேயே மூடி வைத்திருந்தோம். கண்ணில் பட்டால் உடனே திறந்து பிடித்து 20 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், பிறகுதான் மருத்துவரிடம் ஓட வேண்டும். அந்தக் குடம் தேவைப்படவில்லை.

அப்பா வந்து பார்த்துவிட்டு, கூரை இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருந்திருக்கலாமே என்றார். ஆச்சி அந்த மாவு மாவான ஓட்டை எடுத்துக் காட்டினார்.

பின்கட்டில் விறகு வைக்கும் இடத்தின் மேலே உள்ள ஆஸ்பெஸ்டாஸ் தகடு மட்டும் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. அதைத் தேய்த்தாலோ அழுத்தத் தண்ணீர் அடித்தாலோ நுண்ணிய இழைகள் கிளம்பும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த இழையை நாள்தோறும் சுவாசிக்கும் தொழிலாளரின் உடல்நலத்தைக் குறித்து நம் உச்ச நீதிமன்றமும் 1995இல் தீர்ப்பளித்திருக்கிறது. உடையாமல் கிடக்கும்வரை தொடாமல் விடுவதே நல்லது என்கிறார் அம்மா. எடுத்துவிட்டு ஓடு போடலாம் என்கிறார் அப்பா. எடுப்பதானால் உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாக இறக்க வேண்டும், இறக்கியதை எங்கே போடுவது என்பது அடுத்த கேள்வி. பாட்டாவைக் கேட்டோம். அதில் கால் வைக்கமாட்டேன், கயிறு கட்டினாலும் வைக்கமாட்டேன் என்றார்.