ஊர்ல ஜிம் வைக்கிறீங்களா... பட்ஜெட்ல எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது?

சேலம் ஆத்தூர் இல்லீங்க. திண்டுக்கல் பக்கம், காமராஜர் அணை இருக்கும் ஆத்தூர்தான் எங்கள் ஊர். அங்கே என் பெரியப்பா மகன் சின்னதாக ஒரு ஜிம் ஆரம்பிக்கிறார்.

“எந்நேரமும் போனும் கையுமாத்தானே இருக்கே பாப்பா... நல்ல ரிக்கா ஒண்ணு பார்த்துச் சொல்லு” என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார் அண்ணன். தேடத் தேட, ஜிம் வைப்பவர்கள் மட்டுமல்ல, பிள்ளைகளை ஜிம்முக்கு அனுப்பும் வீடுகளும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது என்று தோன்றியது.

மாடுலர் ரிக் என்பது வரிசையாகத் துளை போட்ட இரும்புத் தூண்களின் தொகுப்பு. புல்-அப் கம்பி, பார்பெல்லைத் தாங்கும் கொக்கி, கம்பி நழுவினால் ஏந்திக்கொள்ளும் ‘சேஃப்ட்டி ஆர்ம்’ என்று வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம். இன்று நான்கு தூண், கையில் காசு சேர்ந்ததும் இன்னும் இரண்டு என்று நீட்டிக்கொண்டே போகலாம். ஆனால், துளை அளவு ஒன்றாக இருக்க வேண்டும். 16 மி.மீ. போல்ட்டுக்கான தூணில், 25 மி.மீ.க்கான உதிரிகள் சேராது.

“நம்ம பட்டறையிலயே வெல்டிங் வெச்சுட்டா?” என்றார் அண்ணன். பூட்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் பேர்போன மாவட்டம் ஆயிற்றே! செய்யலாம்தான். ஆனால், 75 மி.மீ. சதுரக் குழாய், 3 மி.மீ. கனம், எல்லாத் தூணிலும் ஒரே மட்டத்தில் துளை... இந்த மூன்றும் பிசகக் கூடாது. துளை மட்டம் மாறினால் கம்பி சாய்ந்து நிற்கும்.

இடமும் முக்கியம். ஆண்களுக்கான ஒலிம்பிக் பார் 2.2 மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் பிளேட் மாட்ட ஆள் நிற்க வேண்டும் என்றால், 12 அடி அகலமாவது வேண்டும். தூணைக் கான்கிரீட் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். மேலே ஒட்டிய டைல்ஸை நம்ப முடியாது. வாடகைக் கட்டடம் என்றால், தரையில் துளை போட ஓனரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

விலைப்பட்டியல் வந்தது. பட்ஜெட் தாண்டிவிட்டது. “சேஃப்ட்டி ஆர்மை அப்புறம் வாங்கிக்கலாம். பசங்க பக்கத்துல நின்னு பிடிச்சுக்குவாங்க” என்றார் அண்ணன். அங்கேதான் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

நம் தென்மாவட்டங்களில் இளவட்டக்கல் தூக்குபவர்கள், தோள் வரை ஏற்றிப் பின்பக்கமாகப் போட்டுவிடுவார்கள். முடியாவிட்டால் விட்டுவிட்டு விலகவும் வழி உண்டு. பெஞ்ச் பிரஸ்ஸில் அந்த வழியே இல்லை. படுத்திருப்பவரின் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் மேலேதான் கம்பி இருக்கிறது. விடிகாலை 5 மணிக்குத் தனியாக வந்து தூக்கும் பையனுக்குக் கை சோர்ந்தால், பிடிக்க யார் இருப்பார்கள்?

நெஞ்சை நிமிர்த்திப் படுக்கும்போது இடிக்காமலும், நெஞ்சைத் தளர்த்தினால் கம்பி வந்து உட்காரும்படியும் ஆர்மின் உயரத்தை வைக்க வேண்டும். கழுத்து வரை கம்பி இறங்கவே கூடாது. இப்படிச் சரியான உயரம் வைக்கத்தான் துளைகள் நெருக்கமாக இருக்க வேண்டும்.

“பொம்பளைங்களும் வருவாங்கல்ல... அவங்களுக்கு வேற ரிக் வாங்கணுமா?” என்று கேட்டார் அண்ணி. நல்ல கேள்வி! பெண்களுக்கான பார் 15 கிலோ. ஆண்களுடையது 20 கிலோ. நீளமும் பிடிக்கும் இடத்தின் தடிமனும் குறைவு. ஆனால் பிளேட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதி இரண்டிலும் ஒரே அளவுதான்: 1.31 மீட்டர். அதனால் ஒரே ரிக்கில் இரண்டும் உட்காரும்.

புல்-அப் கம்பியை விடவே முடியாது. எங்கள் ஊரில் ராணுவத்துக்குத் தயாராகும் தம்பிகள் அதிகம். ஆள்சேர்ப்பில் 10 புல்-அப் எடுத்தால் முழுசாக 40 மதிப்பெண்.

கடைசியில் பட்டியலிலிருந்து போனது ஒரு டிரெட்மில். “ஓடுறதுக்குத்தான் அணைக்கட்டு ரோடு இருக்கே” என்று அண்ணனே சொல்லிவிட்டார். நான்கு தூண் ரிக், ஒரு ஜோடி சேஃப்ட்டி ஆர்ம், இரண்டு வகை பார் என்று ஆர்டர் முடிந்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளை ஜிம்முக்குப் போகிறதா? ஒருநாள் நீங்களும் கூடப் போய், பெஞ்ச்சுக்கு இரண்டு பக்கமும் அந்த ஆர்ம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், தயங்காமல் கேளுங்கள்!