எதனை முதலிற் பார்ப்பது?

மசகெண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் மதிலுக்குள்ளே குழாய்கள் மைல்கணக்கிலே ஓடுகின்றன. கோபுரங்கள், கொதிகலன்கள், தாங்கிகள் யாவும் அக்குழாய்களாலேயே பிணைக்கப்பட்டுள்ளன. இவற்றுட் பல உள்ளிருந்து தேய்ந்துகொண்டிருக்கின்றன. வெளியே பூச்சு மினுங்கும். உள்ளே உருக்கு மெலியும். பரிசோதகரின் கையிலே இருப்பது, செவிக்கெட்டாத ஒலியலையைச் செலுத்திச் சுவரின் தடிப்பை அளக்கும் சிறு கருவி. அது வைத்த இடத்தின் தடிப்பை மட்டுமே சொல்லும். ஒரு சாண் தள்ளியுள்ள இடத்தைப்பற்றி வாய் திறவாது. ஆளும் நாளும் பணமும் அளவுடையனவாதலால், எதனை முதலிற் பார்ப்பது, எதனைப் பிறகு பார்ப்பது, எதனைப் பாராமலே விடுவது என்னும் வினாக்கள் அவரைத் தொடர்கின்றன. மூன்றாவது வினாவை வாய்விட்டுக் கேட்பவர் அரியர். ஆயினும் அதற்கான விடை ஒவ்வோர் ஆலையிலும் நாள்தோறும் அளிக்கப்பட்டே வருகிறது.

பழைய காலத்து விடை நாட்காட்டியாக இருந்தது. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள புரொக்டன் நகரிலே 1905 மார்ச் 20ஆம் நாள் சப்பாத்துத் தொழிற்சாலையொன்றின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். அதன் பின்னரே அம்மாநிலம் கொதிகலன்களுக்கு விதிகளை வகுத்தது. சில ஆண்டுகளில் அந்நாட்டு இயந்திரப் பொறியியலாளர் சங்கமும் தன் விதித்தொகுப்பை வெளியிட்டது. கொதிகலன்களையும் அமுக்கக் கலன்களையும் இத்தனை ஆண்டுக்கொருமுறை திறந்து பார்த்தல் வேண்டும் என்னும் ஒழுங்கு இத்தகைய விதிகளின் வழியே நிலைபெற்றது. இவ்வொழுங்கிலே ஒரு நேர்மை உண்டு. அது கலனுக்குக் கலன் முகம் பார்ப்பதில்லை. அதன் குறையும் அதுவே. குளிர்நீர் ஓடும் குழாயையும் கொடிய அமிலம் ஓடும் குழாயையும் ஒரே தவணையில் வைத்தல் அறிவுடைமையாகாது. அன்றியும், ஆலையை நிறுத்துவதும், கலனைத் திறந்து ஆளை உள்ளே இறக்குவதும், மீண்டும் இயக்குவதும் தம்மளவிலே ஆபத்தானவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

நாட்காட்டியின் இடத்திலே இடர்மதிப்பீடு வந்தமர்ந்தது. அமெரிக்க பெற்றோலிய நிறுவகம் 2000ஆம் ஆண்டிலே இதற்கான அடிப்படை நூலையும் 2002ஆம் ஆண்டிலே நடைமுறை வழிகாட்டியையும் வெளியிட்டது. கருத்து எளியது. ஒரு கருவி பழுதுறுவதற்குரிய வாய்ப்பு எவ்வளவு, பழுதுற்றால் வரும் கேடு எவ்வளவு என்னும் இரண்டையும் பெருக்கினால் இடரின் அளவு கிடைக்கும். நிலையமொன்றின் இடரிற் பெரும்பகுதி கருவிகளுட் சிலவற்றிலேயே குவிந்திருக்கும் என்பது இம்முறையின் அடிப்படை. ஆகவே பட்டியலின் தலைப்பிலுள்ளவற்றிற்கு முதற் கவனம் செல்லும், அடியிலுள்ளவை காத்திருக்கும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நன்று. குழாய்ச் சுவரின் தடிப்பு 12 மில்லிமீற்றர்; அது 6 மில்லிமீற்றருக்குக் கீழே போகலாகாது; ஆண்டுக்கு 0.3 மில்லிமீற்றர் அரிக்கப்படுகிறது எனக் கொள்வோம். இருபது ஆண்டு ஆயுள் எஞ்சியுள்ளது. அரிப்பு 0.6 ஆக இருப்பின் பத்தே ஆண்டு. ஆயுளெல்லாம் அந்த ஒரு சிறு எண்ணிலே தொங்குகிறது. அவ்வெண்ணோ, அளந்த சில இடங்களிலிருந்து அளவாத இடங்களுக்கு நீட்டப்பட்ட ஓர் ஊகம்.

அவ்வூகம் எங்கே கொண்டுசெல்லும் என்பதை 2019 ஜூன் 21ஆம் நாள் விடியற்காலையிலே பிலடெல்பியாச் சுத்திகரிப்பு நிலையம் காட்டியது. ஐதரோபுளோரிக் அமிலம் பயன்படும் பிரிவிலே குழாயின் முழங்கை வளைவொன்று பிளந்தது. வாயு கசிந்து தீப்பற்றி, வெடிப்புகள் தொடர்ந்தன. ஏறக்குறைய 38,000 இறாத்தல் நிறையுள்ள கலத்துண்டொன்று ஸ்கூல்கில் ஆற்றைத் தாண்டி மறுகரையிலே வீழ்ந்தது. கட்டுப்பாட்டறையிலிருந்தவர் எஞ்சிய அமிலத்தை வேறு கலனுக்கு உடனே திருப்பிவிட்டமையால் பெருங்கேடு தவிர்ந்தது. ஐவர் சிறு காயமடைந்தனர். நிலையம் மூடப்பட்டது.

பிளந்த வளைவு 1973ஆம் ஆண்டளவிலே பொருத்தப்பட்டது. அதன் உருக்கிலே நிக்கலும் செம்பும் மிகுதியாகக் கலந்திருந்தன. அக்காலத் தரவிதி அவற்றுக்கு எல்லை வகுக்கவில்லை. இந்த அமிலத்திலே அத்தகைய உருக்கு விரைந்து அரிக்கப்படும். அதனை அடுத்திருந்த குழாய்கள் நல்ல தடிப்போடு இருந்தன. வழக்கமாக அளக்கும் இடங்களின் வரிசையிலே இவ்வளைவு இடம்பெறவேயில்லை. 0.180 அங்குலத்தை எட்டுமுன்னரே மாற்றவேண்டிய சுவர், பிளந்த வேளையிலே 0.012 அங்குலமாக மெலிந்திருந்தது. அயலாரின் உடல்நலத்தைக் கேட்டு ஒருவருக்கு நோயில்லையென எழுதிவிட்டதற்கு ஒப்பானது இது. எண்கள் பொய் சொல்லவில்லை. கேட்கப்படாத ஒன்றைப்பற்றி அவை பேசவில்லை, அவ்வளவே.

பிலடெல்பியாவிலே அறியாமை எனலாம். கலிபோர்னியாவின் றிச்மண்ட் நகரிலே நிகழ்ந்ததற்கு அப்பெயர் பொருந்தாது. 2012 ஓகஸ்ற் 6ஆம் நாள் அங்கே மெலிந்த குழாயொன்று உடைந்து, பத்தொன்பது தொழிலாளர் ஆவிமேகத்துள் அகப்பட்டனர், அனைவரும் உயிர்தப்பினர். ஆனால் எழுந்த புகையினால் அயலிலுள்ளோர் ஏறக்குறைய 15,000 பேர் மருத்துவ உதவி நாடினர். சிலிக்கன் குறைந்த காபன் உருக்கு கந்தகச் சேர்வைகளால் விரைந்து அரிக்கப்படும் என்பது பொறியியலாளர் முன்னரே அறிந்ததே. அவ்வகைக் குழாய்களின் ஒவ்வொரு துண்டையும் பார்த்தல் வேண்டும் என்ற ஆலோசனை நிறுவனத்துக்குள்ளேயே எழுந்திருந்தது. அது முழுமையாக நிறைவேற்றப்படவில்லை.

இங்கே பெருக்கலின் மற்றைய எண் நினைவுக்கு வருகிறது. கேட்டின் அளவை யார் நிருணயிப்பது? தீ பரவும் பரப்பு, இழக்கப்படும் உற்பத்தி, திருத்தச் செலவு ஆகியவை பணமாகவும் சதுர அடியாகவும் எளிதிற் கணக்கிலேறுகின்றன. மதிலுக்கு அப்பால் யன்னலைத் திறந்துவைத்துத் தூங்குபவர் அம்மேசையிலே அமர்வதில்லை. குழாயை நாள்தோறும் தொட்டுப் பழகிய தொழிலாளிக்கும் அங்கே எப்பொழுதும் ஆசனம் கிடைப்பதில்லை. கலிபோர்னியா 2017ஆம் ஆண்டிலே நடைமுறைப்படுத்திய விதிகள், சுத்திகரிப்பு நிலையங்கள் சேத வகைகளை ஆராய வேண்டும் எனவும் அத்தகைய ஆய்வுகளிலே தொழிலாளர் பங்குபற்ற வேண்டும் எனவும் கூறுகின்றன. றிச்மண்டின் புகை இல்லாதிருப்பின் இவ்விதிகள் அவ்வளவு விரைவிலே வந்திருக்குமா என்பது ஐயமே.

இதனால் இடர்மதிப்பீட்டைத் தள்ளிவிட்டு நாட்காட்டிக்குத் திரும்புக என்று கூறுவதற்கில்லை. எல்லாவற்றையும் ஒரே கண்ணாற் பார்ப்பவர் எதனையும் உற்றுப் பாரார். வாய்ப்பு, கேடு ஆகிய இரண்டோடு மூன்றாவதொன்றும் பட்டியலிலே இருத்தல் வேண்டும்: அவ்விரண்டையும் எவ்வளவு உறுதியாக அறிவோம் என்பது. ‘அளக்கப்படவில்லை’ என்ற குறிப்பு ஒரு கருவியைப் பட்டியலின் அடிக்குத் தள்ளாமல் மேலே ஏற்றவேண்டும். பரிசோதனை உருக்கைத் தடிப்பாக்குவதில்லை, அறியாமையையே குறைக்கிறது.

ஐதரோபுளோரிக் அமிலப் பிரிவுகளுக்கான நடைமுறை நூல் 2021ஆம் ஆண்டிலே இவ்வழியிலேயே திருத்தப்பட்டது. அரிப்பு மிகும் பகுதிகளிலுள்ள காபன் உருக்குக் குழாய்த் துண்டுகளையும் ஒட்டுகளையும் தனித்தனியே பரிசோதிக்கும்படி அது கேட்கிறது. இனி ஒரு வளைவுக்காக அதன் அயற்குழாய் விடையளிக்க முடியாது. பரிசோதகர் ஏணியை நகர்த்தி வைத்து அதற்கும் ஏறவேண்டியதுதான்.