அழவைக்க விரும்பாத அரங்கு

காண்போர் கண்ணீர் மல்கக் கலைந்து செல்வதை வெற்றியெனக் கொள்ளாத நாடக இயக்குநர் ஒருவர் ஜெர்மனியில் வாழ்ந்தார். அவர் பெர்டோல்ட் பிரெக்ட்.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் தாய்நாட்டைத் துறந்தார். டென்மார்க், சுவீடன், பின்லாந்து, அமெரிக்கா எனப் பதினைந்து ஆண்டுகள் அயல்மண்ணில் கழிந்தன. சுவீடனில் எழுதிய நாடகத்தை, 1949 ஜனவரியில், குண்டுவீச்சால் சிதைந்துகிடந்த பெர்லினில் எரிக் எங்கெலுடன் இணைந்து மேடையேற்றினார்.

அதன் தலைவி போர்ப்படையின் பின்னே வண்டியிழுத்துச் சரக்கு விற்பவள். போரால் பிழைத்த அவள், மக்கள் மூவரையும் போருக்கே பறிகொடுக்கிறாள். அவ்வேடமேற்றவர் பிரெக்ட்டின் மனைவி ஹெலனே வைகல். மகனைச் சுடும் ஓசை கேட்டதும் அவர் வாய் திறந்தது, ஒலி எழவில்லை. அந்த ஓசையற்ற அலறல் நாடக வரலாற்றில் நிலைத்துவிட்டது.

இறுதியில், தனியளாய் அதே வண்டியை இழுத்து மீண்டும் படையின் பின்னே செல்கிறாள் அத்தாய். அவையோர் அவளுக்காக உருகினர். பிரெக்ட்டுக்கு அது போதவில்லை. பிள்ளைகளை இழந்த பின்னும் போரை நம்பும் அவளது அறியாமையை அவர்கள் காணவேண்டும் என்பதே அவர் வேட்கை. அதற்காகவே மேடையில் நிழலுக்கு இடமின்றி வெள்ளொளி பரப்பினார். அவ்வாண்டே இருவரும் பெர்லினர் ஆன்சாம்பிள் குழுவைத் தோற்றுவித்தனர். 1956-இல் மறையும்வரை பிரெக்ட் அதில் உழைத்தார்.

அத்தாய் பாடம் கற்கவில்லை. கற்கவேண்டியவர்கள் அவளைக் கண்டவர்களே.