ஒரு சொல், நாலு நோய்

கெங்குவார்பட்டித் திண்ணைகளில் 'வாதம்' என்ற சொல் பல வேஷம் போடுவதைக் கேட்டிருக்கிறேன். பாட்டிக்கு விரல் கணுக்களில் வீக்கம், அது வாதம். அடுத்த வீட்டு அத்தைக்கு ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டன, அதுவும் வாதம். சித்த வைத்தியத்தில் உடலின் காற்றுக்கு இட்ட பெயர் இத்தனை நோய்களையும் சுமக்கிறது.

முடக்குவாதத்தில் நோய் மூட்டில். வலியால்தான் கை அசைய மறுக்கிறது. இளம்பிள்ளை வாதத்தில் முதுகுத்தண்டின் இயக்க நரம்பணுக்கள் அழிகின்றன. கால் சூம்பினாலும் தொட்டால் தெரியும். நல்ல வேளையாக, அந்நோய் இந்தியாவில் ஒழிந்தது என்று 2014-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மரத்துப்போவது இதற்கு நேர்மாறு: கால் அசையும், உணர்ச்சி இராது. பக்கவாதமோ மூளையில் நேர்வது. கையில் ஒரு குறையுமில்லை; மேலிருந்து உத்தரவு வரவில்லை, அவ்வளவுதான்.

பெயர் எதுவானால் என்ன, நோய் நோய்தானே என்பீர்கள். "கை மரத்துப் போச்சு, தேய்த்தால் சரியாகும்" என்று எண்ணெய் காய்ச்சுவதற்குள் பொழுது ஓடிவிடும். மூளையின் இரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு. திடீரென்று வாய் கோணி, பேச்சுக் குழறி, ஒரு கை விழுந்தால் அதற்குப் பெயர் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். பெயரை டாக்டர் சொல்லட்டும்.