மல்லாட்டைக் கொல்லையில் ஒரு புதையல் கருவி

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவியை ஊமையாக்க வேண்டுமானால் அதை மண்டகப்பட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில், எங்கள் அனந்தபுரத்துக்கு அதிகத் தொலைவில்லாத ஊர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு பாறையைக் குடைந்து மூன்று தெய்வங்களுக்குக் கோயில் எடுத்த பல்லவ மன்னன் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து எதுவும் சேர்க்காமல் செய்த கோயில் இது என்று கல்லில் வெட்டிவைத்தான். தமிழ்நாட்டுக் கற்கோயில்களின் கதையை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு ஆணிகூட இல்லாமல் தொடங்கிய கதை.

இது எனக்கு ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் அக்கா மகன். வெளிநாட்டில் வேலை. அங்கே அவனோடு வேலை செய்கிறவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமையானால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த வயல்களில் கருவியை ஆட்டியபடி நடப்பார்களாம். பொங்கலுக்கு வந்தவன் பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே அப்படி ஒன்றைக் கழற்றி மடித்து வைத்திருந்தான். பூட்டினால் ஆள் உயரத்துக்கு ஒரு தடி. அடியில் தட்டு மாதிரி ஒரு வளையம். மேலே செல்போன் அளவுக்கு ஒரு திரை.

வேலை செய்யும் விதம் எளிமையானது. வளையத்துக்குள் செம்புக்கம்பிச் சுருள். அதில் மாறிமாறி ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. வழியில் உலோகம் இருந்தால் அதற்குள் சின்னச் சின்ன மின்சுழல்கள் கிளம்பி, பதிலுக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அந்தப் பதில் எவ்வளவு வலுவாக, எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை வைத்து இது இரும்பாக இருக்கலாம், இது செம்பாக இருக்கலாம் என்று திரையில் ஒரு எண் விழும். தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லும் இதைச் செய்து பார்த்திருக்கிறார். 1881-இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடம்புக்குள் குண்டு எங்கே தங்கியது என்று கண்டுபிடிக்கப் பெல்லைக் கூப்பிட்டார்கள். குண்டு அகப்படவில்லை. கட்டில் மெத்தையின் இரும்புக் கம்பிச்சுருள்கள் குழப்பிவிட்டன என்பார்கள். பிறகு இரண்டாம் உலகப்போரில் கொசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி, சிப்பாய் ஒருவர் கையில் தூக்கிக்கொண்டு கண்ணிவெடி தேடுகிற அளவுக்கு அதைச் சின்னதாக்கினார். போர் முடிந்தபின் அது பொழுதுபோக்காயிற்று.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடித்த எங்கள் கொல்லையில் இறங்கினோம். இறங்கியதும் கத்த ஆரம்பித்தது. தோண்டினால் புகையிலைப் பொட்டலத்தின் வெள்ளித்தாள். இரண்டடி தள்ளிக் கத்தியது: குவார்ட்டர் பாட்டில் மூடி. இன்னொரு மூடி. சைக்கிள் மணியின் பாதி. அறுந்த மோட்டார் ஒயர். மாட்டு லாடம் மட்டும் ஒரு கைப்பிடி தேறியது. எங்கள் தாத்தா காலத்து ஏர்மாடுகள் எந்தப் பக்கமாக நடந்தன என்று அதை வைத்தே வரைந்துவிடலாம். "மாமா, பூமி பூரா இரும்புக்கடையா இருக்கே" என்று சலித்துக்கொண்டவன், இரும்பு பட்டால் சத்தம் போடாதே என்று கருவிக்குக் கட்டளை போட்டான். அப்படி ஒரு பொத்தான் அதில் இருக்கிறது.

சாயங்காலமாக ஒரு நல்ல சத்தம். களைக்கொத்தால் கிளறினால் ஓட்டைக் காசு. 1943-லிருந்து 1947 வரை, போர்க்காலத்தில் செம்பு போதாமல் நடுவில் துளையிட்டு அடித்த ஒரு பைசா. குழந்தைகளின் அரைஞாண் கயிற்றில் இதைக் கோத்துக் கட்டுவார்கள். கயிறு அறுந்து விழுந்ததோ, மடியிலிருந்து நழுவியதோ. அவன் முகத்தில் அப்போது தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் இந்தப் பைத்தியம் ஏன் பிடிக்கிறது என்று எனக்கும் புரிந்துபோனது. ஏதோ ஒரு கை கடைசியாகத் தொட்டதை அடுத்ததாக நம் கை தொடுகிறது. பணமதிப்பு அதில் ஒன்றுமில்லை.

சிக்கல் அதற்குப் பிறகு ஆரம்பித்தது. "செஞ்சிக்குப் போலாமா மாமா?"

அவன் ஆசைப்படுவதில் தப்பில்லை. இந்தப் பக்கத்து மண்ணில் ரத்தமும் ஈயமும் சேர்ந்தே ஊறியிருக்கிறது. நாயக்கர்கள் கையிலிருந்த கோட்டை 1649-இல் பீஜப்பூருக்குப் போயிற்று. 1677-இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை வெளியே முற்றுகையிட்டுக் கிடந்தது. 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-இல் ஆங்கிலேயர்கள். அத்தனை பேரும் சுட்டார்கள், சில்லறையைத் தொலைத்தார்கள். ஆனால் பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் மண்ணைக் கிளறுவதற்கு 1958-ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தில் இடமில்லை. 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் மராட்டியர் கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்துவிட்டது. காவல் கூடுமே தவிரக் குறையாது.

சரி, சொந்தக் கொல்லையில்? அங்கேயும் 1878-இல் வெள்ளைக்காரன் போட்ட புதையல் சட்டம் நிற்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள்ளிருந்து அகப்பட்டாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன, எங்கே, என்றைக்கு என்று சொல்ல வேண்டும். மறைத்தால் பங்கும் போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. அந்தக் காலத்துப் பத்து ரூபாய் சின்னத் தொகையில்லை. இன்றைக்கு அதற்கு ஒரு டீ கிடைத்தால் அதிர்ஷ்டம். தொகையை யாரும் மாற்றவில்லை. உரிமை கோரி யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு என்று அதே சட்டம் தாராளமாகவும் பேசுகிறது. அரசு வேண்டுமென்றால் உலோகத்தின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஊரில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. சொன்னால் நிலத்தையே எடுத்துக்கொள்வார்கள் என்பதுதான் இங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அதனால் அகப்படுவது பேச்சு மூச்சில்லாமல் பாத்திரக்கடைத் தராசுக்கோ ஆசாரி உலைக்கோ போகிறது.

சட்டத்தைவிட என்னை உறுத்தியது அந்தப் பொத்தான். இரும்பென்றால் பேசாதே. தமிழ்நாட்டில் அண்மையில் உலோகத்தைப் பற்றி வந்த பெரிய செய்தியே இரும்பைப் பற்றியது. 2025 ஜனவரியில் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பின் காலத்தைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டின் பிற்பகுதி வரை, அதாவது கி.மு. 3345 வரை கொண்டுபோகிறது. எங்களுக்குப் பக்கத்தில், வந்தவாசிப் பகுதியில் உள்ள கீழ்நமண்டியிலும் ஒரு ஈமப்பேழைக்குக் கி.மு. 1692 என்று தேதி கிடைத்திருக்கிறது. அந்தத் தேதிகளைப் பற்றி அறிஞர்கள் வாதாடட்டும். அவை எப்படி வந்தன என்பதுதான் நான் அவனுக்குச் சொல்ல நினைத்தது. துருப்பிடித்த கத்தியைக் கேட்டு யாரும் வயதைக் கண்டுபிடிக்கவில்லை. அதே மண்ணடுக்கில் கூடவே கிடந்த கரித்துண்டையும் பானையோட்டையும் சோதித்துத்தான் சொன்னார்கள். கரி கத்தாது, பானையோடு கத்தாது. கருவி சொன்ன இடத்தில் ஒரு குழி போட்டுக் கத்தியை மட்டும் உருவியெடுத்திருந்தால் அது பழைய இரும்பு, கிலோ இவ்வளவு என்பதோடு முடிந்திருக்கும்.

எசாலத்துக் கதையும் அவனுக்குச் சொன்னேன். இதே விழுப்புரம் மாவட்டம்தான். 1987-இல் அங்கே சிவன் கோயில் திருப்பணிக்காகத் தோண்டியபோது வெண்கலப் படிமங்களும் முதலாம் ராஜேந்திரனின் செப்பேடுகளும் வெளியே வந்தன. ஏடுகளைக் கோத்த வளையத்தில் சோழ முத்திரை. ராஜேந்திரனின் குரு சர்வசிவ பண்டிதர் எடுத்த கோயில் அது, அதற்கு அரசன் கொடுத்த கொடை இது என்று ஏடு சொன்னது. பகலில், ஊர் பார்க்க, கோயிலுக்குள்ளேயே எடுத்ததால் ஏடும் படிமமும் கோயிலும் ஒன்றுக்கொன்று சாட்சியாயின. ராத்திரியில் கருவியோடு போன நாலு பேர் கையில் அகப்பட்டிருந்தால் படிமங்கள் கப்பலேறியிருக்கும், ஏடுகள் அண்டாவாகியிருக்கும்.

புதையல் ஆசையில் நடுகல்லைப் பெயர்ப்பவர்களும், சாமியார் பேச்சைக் கேட்டுப் பாழ்மண்டபத்துத் தளத்தைக் கொத்துகிறவர்களும், இரிடியம் கலசம் அரிசியை இழுக்கும் என்று லட்சக்கணக்கில் ஏமாறுகிறவர்களும் நம் பக்கத்தில் எப்போதும் உண்டு. அவர்கள் கையில் இந்தக் கருவி சேருவதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது.

கருவியே இல்லாத ஒரு நல்ல பழக்கமும் நம்மிடம் இருந்தது. பெருமழை விட்ட மறுநாள் உழவுக்காலில் நடந்தால் கழுவிய காசு தானாகவே கண்ணில் படும். நின்ற உருவமும் உட்கார்ந்த உருவமுமாக ராஜராஜன் செப்புக்காசு இப்படி எத்தனையோ பேர் வீட்டு மாடத்துக்கு வந்திருக்கிறது. ஆற்று மணலை அரித்துக் காசு எடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். கரூர் அமராவதி அதற்குப் பேர்போனது. எங்கள் பக்கம் திருக்கோவலூர்ப் பெண்ணையாறு. குதிரை பொறித்த மலையமான் காசுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. இப்படி வந்த காசுகளைத் தேடி வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, சங்ககாலப் பாண்டியர், சேரர், மலையமான் நாணயங்களைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. பெருவழுதி பெயர் பொறித்த பாண்டியர் காசு 1980-களில் அவர் கண்ணில் பட்டிருக்காவிட்டால் உலையில் உருகியிருக்கும். அவரும் ஆற்றில் இறங்கவில்லை, வாங்கினார். எந்த மணலில், எவ்வளவு ஆழத்தில் என்ற கேள்விக்கு அவருடைய காசுகளாலும் பதில் சொல்ல முடியாது.

இங்கிலாந்துக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஹாக்ஸன் என்ற ஊரில் 1992-இல் ஒருவர், நண்பர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடப் போய், ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியும் நிறைந்த பெரும் புதையலில் இடறினார். அவர் கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் மரப்பெட்டியின் அடையாளத்தோடு மீதியை அடுக்கடுக்காக எடுத்தார்கள். சுத்தியலும் அகப்பட்டது, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1996-இல் புதுச் சட்டம், அடுத்த ஆண்டே சின்னப் பொத்தானையும் பதிந்துகொள்ளும் ஏற்பாடு. அப்படிப் பதியவரும் சின்னப் பொருளை யாரும் பிடுங்குவதில்லை. எங்கே எடுத்தாய் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். இதுவரை பத்து லட்சத்துக்கும் மேல் பதிவாகியிருக்கிறது. நமக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன்; நம் புதையல்காரன் வேறு ஜாதி. ஆனால் தாலுக்காவுக்கு ஒரு ஆள், கையில் ஒரு நோட்டு, நிலத்தை எடுக்கமாட்டோம் என்ற உறுதிமொழி, இது போதும். லாடம் பொறுக்குகிறவனும் வருவான்.

கருவியை இங்கேயே விட்டுவிட்டுத்தான் அக்கா மகன் திரும்பினான். பெட்டியில் எடை அதிகமாம். ஊரில் அதற்கு இப்போது நல்ல கிராக்கி. போன வாரம் மேலத்தெருவில் வைக்கோல் போரில் ஒரு கம்மல் திருகு, அதற்கு முன்னால் களத்துமேட்டில் ஒரு டிராக்டர் சாவி. இன்று காலை வாசலில் வந்து நின்ற பாட்டிக்குத் தொலைந்தது பாம்படம். எங்கே விழுந்தது என்று கேட்டால், கல்யாணமான வருஷம், ஏரியில் என்கிறாள்.